உயிரணுவின் மூப்பும் புற்றுநோயும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முதுமை இயற்கை, புற்றுநோய் விபத்து என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாட்டியின் தலை நரைத்தால் யாரும் வியப்பதில்லை. அதே பாட்டிக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டாலோ வீடே கலங்கிப் போகிறது. அக்கம்பக்கத்தாருக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். ஆனால் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன என்று இன்றைய உயிரியல் கூறுகிறது. அந்த இடம் உயிரணுவின் உட்கரு. முனைவர் பட்டத்திற்காக உலகெங்கும் எத்தனையோ இளைஞர்களும் இளம்பெண்களும் அந்த உட்கருவைத்தான் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் அங்கே எதைத் தேடுகிறார்கள் என்பதை நமக்குத் தெரிந்த தமிழில் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றிலுள்ள டி.என்.ஏ. இழையைப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் வரும். நம் வகுப்பில் மிக உயரமானவளையும் அது தாண்டிவிடும்! ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் இவ்விழை சுருண்டு கிடக்கிறது. நான்கே எழுத்துகளால் அமைந்த செய்தி அதில் எழுதப்பட்டிருக்கிறது. தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி. ஒவ்வொரு படியிலும் சுமார் 300 கோடி எழுத்துகள்.

இந்தச் செய்தி நாள்தோறும் பழுதடைகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர், புகையிலைப் புகை, சில வேதிப்பொருள்கள் ஆகியவை மட்டுமல்ல, நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனும் உடல் வெப்பமும் உயிரணுவின் நீரும்கூட அதைச் சிதைக்கின்றன. ஓர் உயிரணுவில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான சேதங்கள் நேர்கின்றன. அப்படியானால் நாம் எப்படி உயிரோடிருக்கிறோம்? பழுது பார்க்கும் புரதங்கள் ஓயாமல் வேலை செய்வதால்தான். சேதமுற்ற எழுத்தை வெட்டி எறிந்து, எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை அவை பொருத்திவிடுகின்றன. இதனை விளக்கியதற்காகவே தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசீஸ் சங்கார் ஆகிய மூவருக்கும் 2015-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் தாது உள்ளது. அதிலுள்ள தோரியத்தால் அங்கு வாழ்வோர் மற்ற ஊராரைவிட மிகுதியான இயற்கைக் கதிர்வீச்சைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்று வருகிறார்கள். சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அக்கதிர்வீச்சினால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. சேதம் சிறிது சிறிதாக வரும்போது பழுது பார்க்கும் புரதங்கள் ஈடு கொடுப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். அதனால் கதிர்வீச்சே தீங்கற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரே நேரத்தில் பேரளவில் தாக்கினால் என்னவாகும் என்பதற்கு ஹிரோஷிமாவும் நாகசாகியும் சாட்சி.

பழுது பெரிதாகிவிட்டால் உயிரணு என்ன செய்யும்? அங்கே பி-53 என்னும் காவற்புரதம் இருக்கிறது. 1979-இல் கண்டறியப்பட்ட இப்புரதம், சேதமுற்ற உயிரணுவைப் பிரியவிடாமல் நிறுத்தும். திருத்த முடியாதென்று கண்டால் அவ்வுயிரணுவைத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்யும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தக் காவலாளியின் மரபணுவே கெட்டுப்போயிருக்கிறது. இங்கே யானையைப் பற்றி ஒரு வார்த்தை. அவ்வளவு பெரிய உடலில் எத்தனை உயிரணுக்கள்! ஆயினும் யானைக்குப் புற்றுநோய் வருவது அரிது. நமக்கு ஒன்றாக உள்ள அந்தக் காவல் மரபணு யானைக்குச் சுமார் இருபது படிகளாக உள்ளது என்று 2015-இல் தெரியவந்தது. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நம் தலையைத் தொட்டு ஆசி தந்த லட்சுமி, 2022 நவம்பரில் நம்மைப் பிரிந்தாளே, அவளுடைய ஒவ்வோர் உயிரணுவிலும் அத்தனை காவலர் இருந்திருப்பர்.

இனி, இவ்வாய்வு வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருவோம். புடவையின் முந்தானை நூல் பிரிந்து போகாதிருக்கக் குஞ்சம் கட்டுகிறோம் அல்லவா? குரோமோசோமின் இரு முனைகளிலும் அப்படியொரு குஞ்சம் உண்டு. அதற்கு டீலோமியர் என்று பெயர். மனிதரில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்னும் ஆறெழுத்து ஆயிரக்கணக்கான எழுத்துகள் நீளத்திற்குத் திரும்பத் திரும்ப வருவதுதான் அக்குஞ்சம். உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். தரையை மெழுகிக்கொண்டே பின்வாங்கி வருபவர் கடைசியில் தாம் நிற்கும் இடத்தை மெழுக முடியாமல் விடுவதுபோல, படியெடுக்கும் புரதமும் முனையில் சிறிது விட்டுவிடுகிறது. எனவே ஒவ்வொரு பிரிவிலும் குஞ்சம் கொஞ்சம் குறைகிறது. மனித உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால் சுமார் 50 முறை பிரிந்த பின் நின்றுவிடுகின்றன என்று லியோனார்டு ஹேஃபிளிக் 1961-இலேயே காட்டியிருந்தார். காரணம் பின்னர்தான் விளங்கிற்று.

அப்படியானால் தாயின் கருமுட்டையில் குஞ்சம் குறையாமல் இருப்பது எப்படி? குறையாமலிருந்தால்தானே தலைமுறைகள் தொடரும்? இக்கேள்விக்கு விடை கண்டவர் கரோல் கிரைடர் என்னும் ஆராய்ச்சி மாணவி. அப்போது அவருக்கு வயது 23. சிறுமியாயிருந்தபோது எழுத்துகளைச் சரியாகப் படிக்க இயலாத குறை அவருக்கு இருந்தது. தனி வகுப்பில் உட்கார வைத்தார்கள். மேற்படிப்பு நுழைவுத் தேர்விலும் மதிப்பெண் குறைவு. அத்தகையவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் எலிசபெத் பிளாக்பர்னிடம் முனைவர் பட்டத்திற்குச் சேர்ந்தார். குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்னும் ஒற்றை உயிரணு உயிரியை அரைத்துச் சாறெடுத்து, அதில் குஞ்சத்தை நீட்டும் புரதம் உண்டா என்று மாதக்கணக்கில் தேடினார். 1984-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ஆய்வுக்கூடத்திற்குச் சென்று கதிரியக்கப் படத்தைக் கழுவிப் பார்த்தபோது, ஆறெழுத்துக்கு ஒன்றாக ஏணிப்படிகள்போல் வரிசை வரிசையாகக் கோடுகள் தெரிந்தன. குஞ்சத்தைப் பின்னும் டீலோமரேஸ் கண்டறியப்பட்டது இவ்வாறுதான். கிறிஸ்துமஸ் அன்றும் வேலைக்குப் போவதா என்று நம் அருட்சகோதரியர் கேட்கக்கூடும்; நாம் அந்த விவாதத்திற்குள் நுழையவில்லை.

2009-இல் கிரைடர், பிளாக்பர்ன், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட காலையில் கிரைடர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாராம். அதே ஆண்டு டிசம்பரில் அதே ஸ்டாக்ஹோம் மேடையில் வேதியியல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர் நமக்குப் பக்கத்துச் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். முதுமையையும் இறப்பையும் பற்றி அவர் எழுதிய நூல் 2024-இல் வெளிவந்தது.

இந்த டீலோமரேசை எல்லா உயிரணுக்களுக்கும் கொடுத்துவிட்டால் முதுமையே வராதே என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் இயற்கை அதை நம் பெரும்பாலான உயிரணுக்களில் பூட்டி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. குஞ்சம் தேய்ந்ததும் உயிரணு பிரிவதை நிறுத்திக்கொள்கிறது; அதுவே கட்டுக்கடங்காத வளர்ச்சிக்கு ஒரு தடை. காவலர் கெட்டுப்போன உயிரணுவோ நிறுத்தாமல் பிரிந்துகொண்டே போகும். குஞ்சமற்ற இரு குரோமோசோம் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த பிரிவில் இரு பக்கமும் இழுபட்டு ஏதோ ஓரிடத்தில் அறுபடும். அறுந்த முனை மறுபடி ஒட்டும், மறுபடி அறுபடும். இந்த அழிவுச் சுழற்சியைச் சோளப்பயிரில் முதன்முதல் கண்டவர் பார்பரா மெக்கிளின்டாக். (இவருக்கு 1983-இல், 81-ஆம் வயதில், வேறொரு கண்டுபிடிப்பிற்காக நோபல் கிடைத்தது.) இத்தகைய நிலையற்ற உயிரணுக்களுள் பெரும்பாலானவை மடிந்துபோகின்றன. தப்பிப் பிழைத்த ஏதோ ஒன்று பூட்டிக்கிடந்த டீலோமரேசைத் திறந்துகொள்கிறது. பத்தில் ஒன்பது புற்றுநோய்களில் அது திறந்திருக்கக் காண்கிறார்கள்.

ஆக, நம்மைக் காப்பதும் மூப்படையச் செய்வதும் ஒன்றே. 2002-இல் சில எலிகளில் பி-53 காவலைக் கடுமையாக்கிப் பார்த்தார்கள். அவ்வெலிகளுக்குப் புற்றுநோய் குறைந்தது. ஆனால் எலும்பு மெலிந்து, முதுகு வளைந்து, காலத்துக்கு முன்பே கிழடாகிச் செத்தன. இளமை தரும் மருந்தென்று விற்பவர்களின் விளம்பரங்களைப் படிக்கும்போது இந்த எலிகளை நினைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது.

இதுவரை எழுத்துப் பிழைகளைப் பார்த்தோம். எழுத்து மாறாமலே பொருள் மாறுவதும் உண்டு. கண்ணுக்கும் கல்லீரலுக்கும் ஒரே டி.என்.ஏ.தான். பின் ஏன் கல்லீரல் பார்ப்பதில்லை? பாடற்குழுவினரின் பாட்டுப் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். இந்த ஞாயிறுக்குரிய பாட்டுகளில் அடையாள அட்டை செருகியிருக்கும். தவக்காலத்தில் 'அல்லேலூயா' பக்கங்களைத் திறக்கவே மாட்டார்கள். புத்தகம் அதேதான், அடையாளங்கள் வேறு. அதுபோல டி.என்.ஏ.வின் சில எழுத்துகளில் மெத்தில் என்னும் சிறு முத்திரை ஒட்டப்படுகிறது. அது பெரும்பாலும் அப்பகுதியை மௌனமாக்குகிறது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்னும் புரதக் கண்டுகளில் அசிட்டைல் முத்திரை ஒட்டினால் சுற்று தளர்ந்து அப்பகுதி பேசத் தொடங்கும். இத்துறைக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். அப்பெயரை 1942-இல் இட்டவர் கான்ராட் வாடிங்டன். நாம் இம்முத்திரைகளை மேற்குறிகள் என்று அழைப்போம்.

பெண்களாகிய நமக்கு இதில் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. நமக்கு எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு. ஒவ்வோர் உயிரணுவிலும் இவற்றுள் ஒன்று மேற்குறிகளால் சுருட்டிப் பூட்டப்பட்டுவிடுகிறது என்று 1961-இல் மேரி லயன் அறிவித்தார். எந்த எக்ஸ் என்பது உயிரணுவுக்கு உயிரணு மாறும். கறுப்பும் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த பூனைகள் நம் தெருக்களில் திரிகின்றனவே, அவை அநேகமாக எல்லாமே பெண் பூனைகள்தாம். அந்தத் திட்டுகளே இப்பூட்டுக்குச் சாட்சி.

வயதாக ஆக மேற்குறிகள் கலைகின்றன. ஸ்பெயினில் 3 வயது முதல் 74 வயது வரையுள்ள, ஒரே கருவில் உருவான இரட்டையரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். சிறு வயதில் இருவரின் மேற்குறிகளும் ஒன்றாகவே இருக்க, முதுமையில் வெகுவாக வேறுபட்டிருந்தன. 2013-இல் ஸ்டீவ் ஹார்வத் என்பவர் 353 இடங்களின் மெத்தில் முத்திரைகளை மட்டும் கொண்டு, பெரும்பாலோரின் வயதைச் சில ஆண்டு வித்தியாசத்தில் சொல்லிவிடலாம் எனக் காட்டினார். புற்றுநோய் உயிரணுவில் இக்குழப்பம் இன்னும் கொடிது. பேசக் கூடாத பகுதிகளில் முத்திரை உதிர்ந்துபோகிறது. இதனை 1983-லேயே கண்டார்கள். பேச வேண்டிய காவல் மரபணுக்கள்மேல் முத்திரை விழுகிறது. ஆனால் இதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எழுத்துப் பிழையைத் திருத்துவது கடினம், முத்திரையை அழிப்பது அவ்வளவு கடினமன்று. மெத்தில் முத்திரையை விலக்கும் அசாசிட்டிடின் என்னும் மருந்து, எலும்பு மச்சையின் நோய் ஒன்றுக்காக 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

நம் நாட்டிலும் இவ்வாய்வு நடக்கிறது. அதுவும் நமக்கு மிக நெருங்கிய ஒரு பொருளைக் கொண்டு! பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் தபஸ் குண்டுவும் அவருடைய ஆராய்ச்சி மாணவர்களும் அசிட்டைல் முத்திரை ஒட்டும் பி-300 என்னும் நொதியைத் தடுக்கக்கூடிய பொருளைத் தேடினார்கள். 2003-இல் அவர்களுக்கு அகப்பட்டது முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலம். அடுத்த ஆண்டு, கோகம் புளியிலுள்ள கார்சினாலும் நம் மஞ்சளிலுள்ள குர்குமினும் அவ்வாறே தடுப்பதாக வெளியிட்டார்கள். இவை சோதனைக் குழாயிலும் உயிரணு வளர்ப்பிலும் கண்டவை. மஞ்சள் தின்றால் புற்றுநோய் தீரும் என்று யாரும் இதைத் திரித்துச் சொல்லக் கூடாது. சோதனைக் குழாயிலிருந்து மருந்துக்கடை வரையுள்ள வழி மிக நீளமானது.

முந்திரி என்றதும் பண்ருட்டிதானே நினைவுக்கு வரும்? அங்கே கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தோட்டு எண்ணெய் எவ்வளவு பொல்லாதது என்று. தோலைக் கறுக்கச் செய்து புண்ணாக்கிவிடும். கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டுதான் உடைக்கிறார்கள். அந்த எண்ணெயில்தான் ஆய்வாளர்கள் நொதியைத் தடுக்கும் பொருளைக் கண்டார்கள். உடைக்கும் கைகளுக்கு நல்ல கையுறை கிடைக்கச் செய்வதும் அறிவியலின் வேலைதான் என்பது எங்கள் கருத்து.

இனி வீட்டுக்குள் வருவோம். நம் பாட்டிமார் பலரிடம் வெற்றிலைப் பெட்டி உண்டு. புகையிலையிலுள்ள நைட்ரோசமீன்கள் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு எழுத்துப் பிழைகளை உண்டாக்குகின்றன. நம் நாட்டில் வாய்ப்புற்றுநோய் மிகுந்திருப்பதற்கு அது பெருங்காரணம். "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்" என்று சொல்லும் பாட்டிமாருக்கும் ஒரு செய்தி: புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்டது. பாட்டியிடம் இதைச் சொல்வது எளிதன்று. ஆனாலும் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம் அல்லவா?

இன்னொரு செய்தியை இங்கு எழுதத் தயங்கினோம். ஆயினும் பெற்றோரும் படிக்கும் மலராயிற்றே என்று எழுதுகிறோம். தாய்க்கு மார்பகப் புற்றுநோய் என்றால் மகளின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சிச் சில வீடுகளில் மறைத்துவிடுகிறார்கள். மறைப்பதால் மருத்துவம் தாமதமாகிறது. உண்மையில் புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பிறப்பிலேயே வரும் மரபணுக் குறையால் உண்டாகின்றன. அவற்றுள் பெயர் பெற்றது பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணு, அறுந்த டி.என்.ஏ.வைத் தைக்கும் தையற்காரி என்று அதனைச் சொல்லலாம். அக்குறை உள்ள குடும்பமானாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடாது. வருவதற்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. முன்பே தெரிந்தால் அடிக்கடி சோதித்துக் காத்துக்கொள்ளலாம். தொட்டால் ஒட்டும் நோயும் அன்று இது.

இவ்வச்சத்தோடு முதலில் போராடியவரும் ஒரு தமிழ்ப் பெண்மணியே. புதுக்கோட்டையில் பிறந்து 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954 ஜூன் 18-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதனை உண்டாக்குவது எச்.பி.வி. என்னும் வைரஸ் என்று கண்ட ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. மேலே சொன்னோமே பி-53 காவலர், அவரையே இவ்வைரஸ் அழித்துவிடுகிறது. காவலில்லாத உயிரணுவில் குரோமோசோம்கள் தாறுமாறாகின்றன. ஆனால் அது புற்றாக மாறப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். 9 முதல் 14 வயதுக்குள் உள்ள பெண்களுக்குத் தடுப்பூசி போடுவதே முதன்மையானது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டிலேயே செய்யப்படும் தடுப்பூசியும் இப்போது கிடைக்கிறது. ஆறாம் ஏழாம் வகுப்புத் தங்கையரின் பெற்றோர் மருத்துவரைக் கேட்டுப் பார்ப்பாராக.

தாய்மாருக்கு உள்ள வழி இன்னும் எளியது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே மருத்துவர் சங்கரநாராயணனும் அவர் குழுவினரும் ஒரு பேராய்வு நடத்தினார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்றதை, கருப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்தில் கெட்ட இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். ஏன் வெளுக்கிறது? நிலைகெட்ட உயிரணுக்களின் உட்கரு பெருத்து, புரதம் செறிந்து கிடக்கிறது. அமிலம் பட்டதும் அப்புரதம் உறைந்து வெண்மையாகிறது. இவ்வளவு நேரம் நாம் பேசிய உட்கருவின் குழப்பத்தை விலையுயர்ந்த கருவியின்றி வெறுங்கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள்! 2007-இல் வெளியான முடிவின்படி, இச்சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் இறந்தோர் தொகை மற்ற ஊர்களைவிட நூற்றுக்கு 35 குறைந்திருந்தது. நம் ஊர் கோரிமேட்டில் ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையம் உள்ளது. முப்பது வயது கடந்த தாய்மார் நோய் எதுவும் தெரியாதபோதே இச்சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.